லண்டன் பார்க்குகள்ல ஆரம்பிச்சு தேம்ஸ் ஓரம் பப்புல முடியற நடை: தனியா போறவங்களுக்கு நான் சொல்ல வேண்டியது

வெஸ்ட்மின்ஸ்டர்ல இறங்கி செயின்ட் ஜேம்ஸ் பார்க், கிரீன் பார்க், ஹைட் பார்க், கென்சிங்டன் கார்டன்ஸ், ஹாலண்ட் பார்க்னு வரிசையா பச்சைக்குள்ளயே மேற்கு பக்கமா நடந்து, ஹாமர்ஸ்மித்ல தேம்ஸைப் பிடிச்சு, ஆத்தோரமாவே ஸ்ட்ராண்ட் ஆன் த கிரீன்ங்கற கரையோரத் தெரு வரைக்கும் போய், அங்க தண்ணியைப் பாத்த மாதிரி இருக்கற பப்ல உக்கார்றது. மொத்தம் 17 கிலோமீட்டர் கிட்ட வரும். லண்டன்ல ஒரு நாள்ல நடக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது, இன்னிக்கும் அதையேதான் சொல்வேன். ஆனா நான் முதல் தடவை தனியா போனப்போ அந்த நாள் முடியறதுக்குள்ள அழுகை வர்ற அளவுக்கு ஆயிடுச்சு, கையை விட்டு நூத்தைம்பது பவுண்டுக்கு மேல போச்சு, காலு சரியாக பல நாள் ஆச்சு. வழி எப்படின்னு நிறைய பேர் சொன்னாங்க, எந்த பப் நல்லா இருக்கும்னு சொன்னாங்க. ஆறு ரோட்டுக்கு ஏறும்னு, கேட்டை பூட்டுவாங்கன்னு, போன் செத்தா பஸ்ல கூட ஏற முடியாதுன்னு யாரும் சொல்லல. அதனாலதான் இதை விலாவாரியா எழுதறேன்.

அது அக்டோபர் மாசம் கடைசி ஞாயித்துக்கிழமை. வெயில் அடிச்சுது, மழை இல்லைன்னு போட்டிருந்தான், இலையெல்லாம் மஞ்சளா மாறி உதிர்ற நேரம், நடக்கறதுக்குன்னே செஞ்சு வச்ச மாதிரி ஒரு காலை. பதினொண்ணே கால் வாக்குல செயின்ட் ஜேம்ஸ் பார்க்ல ஆரம்பிச்சேன். அங்க குளத்துல பெலிகன் இருக்கும், 1664ல ரஷ்ய தூதர் ரெண்டாம் சார்லஸ் ராஜாவுக்கு பரிசா கொடுத்ததுல இருந்து அங்க பெலிகன் வளக்கறாங்க. அதுங்க பாறை மேல உக்காந்து அலகால இறக்கையைக் கோதிக்கிட்டிருக்கறதைப் பாத்துட்டு நின்னா நேரம் போறதே தெரியாது. மீன் போடறதைப் பாக்கணும்னா மதியம் ரெண்டரை மணிக்கு மேல வரணும். அப்புறம் கிரீன் பார்க், பேருக்கு ஏத்த மாதிரி பூப்பாத்தியே இல்லாம வெறும் புல்லும் மரமும். அங்க துணி போட்ட டெக்சேர் போட்டிருந்தா சும்மா உக்காந்துடாதீங்க, அது வாடகைக்கு. ஹைட் பார்க் கார்னர்ல வெலிங்டன் ஆர்ச்சைத் தாண்டி ஹைட் பார்க்குக்குள்ள போயிட்டா 350 ஏக்கர், செர்பன்டைன் ஏரி ஓரமா போனா வழி தவறவே தவறாது. அந்த ஏரி 1730ல கரோலைன் ராணி வெட்ட ஆரம்பிச்சது. ஏரிக்கரையிலேயே கொண்டு போன சாண்ட்விச்சை சாப்ட்டேன்.

இங்க ஒண்ணு சொல்லணும், இந்த பார்க்குகள் எல்லாம் ஒட்டி ஒட்டி இருக்கறதால எல்லாத்துக்கும் ஒரே நேரம்னு நினைச்சிடுவோம். ஹைட் பார்க் ராத்திரி 12 மணி வரைக்கும் திறந்திருக்கும். நடுவுல ஒரே ஒரு ரோடு, அதைத் தாண்டினா கென்சிங்டன் கார்டன்ஸ், அதை இருட்டற நேரத்துக்கு பூட்டிடுவாங்க. ஹாலண்ட் பார்க் அதுக்கும் முன்னாடியே, இருட்டறதுக்கு அரை மணி நேரம் இருக்கும்போதே. இருட்டற நேரம்ங்கறது மாசத்துக்கு மாசம் மாறும்ல, ஜூன்ல ஒன்பது மணிக்கு மேலயும் வெளிச்சம் இருக்கற ஊர் இது. அக்டோபர் கடைசி ஞாயிறு அன்னிக்கு விடியக்காலை 2 மணிக்கு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னாடி தள்ளிடறாங்க. ஒரு மணி நேரம் கூடுதலா தூங்கலாம்னு எல்லாருக்கும் சந்தோஷம். ஆனா சனிக்கிழமை சாயங்காலம் 5.45 வாக்குல விழுந்த பொழுது, ஞாயித்துக்கிழமை 4.45க்கே விழுந்துடும். முந்தின வாரம் இதே வழியில போனவங்க கிட்ட கேட்டு நேரத்தைக் கணக்கு போட்டா அந்த ஒரு மணி நேரம் அப்படியே காணாம போயிடும். எனக்கு அதுதான் நடந்துச்சு. நவம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் இந்த நடையை பதினொரு மணிக்கு ஆரம்பிக்கவே கூடாது, எட்டரை ஒன்பதுக்கெல்லாம் முதல் பார்க்குக்குள்ள இருக்கணும்.

ஹாலண்ட் பார்க்ல கியோட்டோ கார்டன்னு ஜப்பான்காரங்க முறையில 1991ல அமைச்ச ஒரு சின்ன தோட்டம் இருக்கு. ஒரு சின்ன அருவி, படிக்கட்டு மாதிரி அடுக்கின குளம், அதுல முழங்கை நீளத்துக்கு கோய் மீன், பக்கத்துல யாரையும் சட்டை பண்ணாம நடக்கற மயில். மேப்பிள் இலை அன்னிக்கு ரத்தச் சிவப்புல இருந்துச்சு, தண்ணிக்குள்ளயும் அதே சிவப்பு. அரை மணி நேரம் அங்கேயே நின்னேன், அதுக்கு இப்பவும் வருத்தம் இல்ல. அங்க இருந்து ஹாமர்ஸ்மித் போற ரெண்டரை கிலோமீட்டர் தான் இந்த வழியிலேயே சுவாரசியம் இல்லாத துண்டு, ஒலிம்பியா எக்ஸிபிஷன் ஹாலைத் தாண்டி நேரா ஒரு ட்ராஃபிக் ரோடு. அதை நடந்தே தீரணும்னு எந்தக் கட்டாயமும் இல்ல, பஸ்ல ஏறிடுங்க. நான் போனப்போ 1.75 பவுண்டு டிக்கெட், ஒரு மணி நேரத்துக்குள்ள வேற பஸ் மாறினா மறுபடி காசு எடுக்க மாட்டாங்க. கால் வலியையும் மிச்சம் பண்ணலாம், கொஞ்சம் வெளிச்சத்தையும் மிச்சம் பண்ணலாம், அந்த வெளிச்சம் ஆத்தோரத்துல தேவைப்படும்.

ஹாமர்ஸ்மித் பிரிட்ஜைப் பாத்ததும் அலுப்பெல்லாம் போயிடுச்சு. பச்சையும் தங்கமுமா பெயிண்ட் அடிச்ச தொங்கு பாலம், 1887ல திறந்தது, லண்டனோட சாக்கடை அமைப்பைக் கட்டின ஜோசப் பஸால்ஜெட் தான் இதையும் வடிவமைச்சார். விரிசல் கண்டுபிடிச்சு 2019 ஏப்ரல்ல வண்டிகளை நிறுத்தினாங்க, இப்போ நடக்கறவங்களும் சைக்கிள்காரங்களும் மட்டும்தான். பாலத்துக்குக் கீழ வடகரைல லோயர் மால், அப்பர் மால்னு ஆத்தை ஒட்டியே பாதை, வரிசையா பப்பு. ப்ளூ ஆங்கர், ரட்லண்ட் ஆர்ம்ஸ், கொஞ்சம் தள்ளி ஒரு குறுகலான சந்துல த டவ், அதோட சின்ன பார் அறை ரொம்ப சின்னதுங்கறதுக்காகவே கின்னஸ்ல இடம் பிடிச்சது. பக்கத்துலயே டிசைனரும் எழுத்தாளருமான வில்லியம் மாரிஸ் 1878ல இருந்து 1896ல சாகற வரைக்கும் இருந்த வீடு. அப்போ மணி மூணரை. ஆறு ரொம்பி ததும்பிக்கிட்டு இருந்துச்சு, எவ்வளவு அழகுன்னு போட்டோ எடுத்தேன். அந்த நெறைஞ்ச தண்ணிதான் எச்சரிக்கைன்னு தெரிஞ்சிருந்தா அங்கேயே ஒரு பப்ல உக்காந்திருப்பேன். லோயர் மால்ல கரைக்கு நல்ல சுவர் இருக்கு, அதனால பயம் தெரியாது. இன்னும் பதினஞ்சு நிமிஷம் நடந்தா சிஸ்விக் மால், அங்க அந்த மாதிரி தடுப்பு கிடையாது.

சிஸ்விக் மால்ங்கறது ஒரு அமைதியான பழைய தெரு. ஒரு பக்கம் பெரிய பெரிய வீடு, அந்த வீடுகளோட தோட்டம் மட்டும் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் ஆத்தோரமா இருக்கும், நடுவுல ரோடு. நான் பாதி தூரம் போனப்போ எதிர்ல தார் ரோடு பளபளன்னு ஈரமா, வாசல்ல தண்ணி தெளிச்சு விட்ட மாதிரி தெரிஞ்சுது. கிட்ட போனா ரோட்டோரம் இருக்கற சாக்கடை மூடி வழியா தண்ணி குமிழ் விட்டு மேல வந்துட்டிருக்கு. சத்தமே இல்ல. அலை இல்ல, வேகம் இல்ல, சும்மா ஏறுது. திரும்பிடலாம்னு பாத்தா நான் வந்த பக்கமும் ஒரு தோட்டச் சுவர் இடுக்கு வழியா தண்ணி வந்து ரோட்டை மூடியாச்சு, நடுவுல நான் நின்ன மேடு மட்டும் காஞ்சிருக்கு. ரெண்டு நிமிஷத்துல நிறுத்தி வச்சிருந்த காரோட டயர் பாதிக்கு தண்ணில. ரோட்டு நடுவுல ஒரு அன்னம் நீந்திப் போச்சு. அப்போ எனக்கு வந்த பயத்தை எப்படி சொல்றதுன்னு தெரியல, வெட்ட வெளிச்சத்துல, வீடுகளுக்கு நடுவுல, ஆளு நடமாட்டம் இருக்கற ஊர்ல, தண்ணி என்னைச் சுத்தி வளைச்சுட்டுது. ஒரு வீட்டு வாசப்படில முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு வயசான அம்மா நாயோட நின்னுட்டிருந்தாங்க, "ஆர் யூ ஆல்ரைட், லவ்?"னு கேட்டாங்க. இது அடிக்கடி வர்றதுதான், இன்னும் கொஞ்சம் ஏறும், இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும், இப்பவே வீட்டுப் பக்க சுவரைப் பிடிச்சுக்கிட்டு போயிடுன்னு சொன்னாங்க. அப்படியேதான் போனேன், தண்ணி முழங்காலுக்குக் கீழ வரைக்கும் வந்துச்சு, ஐஸ் மாதிரி. ஒருவேளை நீங்க இப்படி மாட்டினா ஞாபகம் வச்சுக்கோங்க, ஆத்துப் பக்கம் ஒதுங்கவே கூடாது, கலங்கின தண்ணில பிளாட்ஃபாரம் எங்க முடியுதுன்னு தெரியாது, வீட்டுப் பக்கமா ஒவ்வொரு அடியா காலால தடவிப் பாத்து வைக்கணும். வடக்கு பக்கம் பிரியற முதல் சந்துல ஏறிடணும்.

இது ஏன் நடக்குதுன்னு அப்புறம் தேடித் தேடிப் படிச்சேன். தேம்ஸ் ஆறு கடல்ல இருந்து லண்டனோட மேற்குல இருக்கற டெடிங்டன் லாக்ங்கற மதகு வரைக்கும் கடலோட சேர்ந்து ஏறி இறங்கற ஆறு. ஒரு நாளைக்கு ரெண்டு தடவை ஏறும், ஒரு ஏத்தத்துக்கும் அடுத்த ஏத்தத்துக்கும் பன்னெண்டரை மணி நேரத்துக்கு கொஞ்சம் கம்மி. அமாவாசை, பௌர்ணமி முடிஞ்ச ஒண்ணு ரெண்டு நாள்ல ஏத்தம் உச்சத்துல இருக்கும், ஸ்ப்ரிங் டைட்னு சொல்றாங்க, ஸ்ப்ரிங் சீசனுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல, வருஷம் பூரா வரும். நடக்கறவங்களுக்கு ரொம்ப முக்கியமான விஷயம் இதுதான்: லண்டன்ல இந்த பெரிய ஏத்தம் எப்பவுமே மதியம் ரெண்டு மூணு மணி வாக்குலயும் அதே மாதிரி விடியக்காலைலயும் தான் வரும், சம்மர் டைம்ல அது மூணு நாலு மணி. அது லண்டன் பிரிட்ஜ் நேரம், சிஸ்விக், கியூ பக்கம் வர இன்னும் முக்கால் மணி ஒரு மணி நேரம் ஆகும். அதாவது காலைல பார்க்கெல்லாம் முடிச்சுட்டு சாயங்காலம் ஆத்துக்கு வர்றவங்க, சரியா தண்ணி உச்சத்துல இருக்கற நேரத்துக்குத்தான் அங்க போய் நிப்பாங்க. ஆத்துக்குக் குறுக்க வெள்ளத் தடுப்பு கேட்டா தேம்ஸ் பேரியர் இருக்கே, அது தடுக்காதான்னு நானும் கேட்டேன், அது புயலோட சேர்ந்து கடல் பொங்கி ஊருக்கே ஆபத்துன்னா மூடறது, வழக்கமா வர்ற பௌர்ணமி ஏத்தத்துக்கெல்லாம் மூட மாட்டாங்க.

அதனால கிளம்பறதுக்கு முந்தின நாள் போர்ட் ஆஃப் லண்டன் அத்தாரிட்டியோட டைட் டேபிளை, அதாவது ஆத்து ஏத்த இறக்க அட்டவணையைப் பாருங்க, இலவசமா இருக்கு. நேரம் மட்டும் பாக்காதீங்க, உயரத்தையும் பாருங்க. லண்டன் பிரிட்ஜ்ல 7 மீட்டரைத் தொடற நாள்னா, உச்ச நேரத்துக்கு முன்னாடி ஒன்றரை மணி நேரம், பின்னாடி ஒன்றரை மணி நேரம் சிஸ்விக் மால், ஸ்ட்ராண்ட் ஆன் த கிரீன் ரெண்டு பக்கமும் கால் வைக்க வேண்டாம். இந்த ஒன்றரை மணி நானா வச்சுக்கிட்ட கணக்கு, அதுக்கு மேல விட்டாலும் நல்லதுதான். டேபிள்ல போட்டிருக்கறது ஜிஎம்டின்னு சொல்ற குளிர்கால நேரமா, சம்மர் டைமான்னு மேலயோ கீழயோ எழுதியிருப்பாங்க, அதையும் பாத்துக்கணும், ஒரு மணி நேரம் மாறினாலே எல்லாம் தலைகீழா போயிடும். தென்கரைல ஹாமர்ஸ்மித் பாலத்துல இருந்து பார்ன்ஸ் பக்கம் போற மண் பாதையும் இப்படி முங்கும், அங்க ஏறி ஒதுங்க வீடு கூட இல்ல, மரமும் புதரும்தான்.

அப்புறம் நடந்தது எல்லாம் அந்த ஈரக் காலோடதான். ஆத்தோரத்தை விட்டு கிரேட் வெஸ்ட் ரோடு, ஏ4ன்னு சொல்ற ஹைவே பக்கம் ஏறி ஹோகார்த் ரவுண்டபவுட் போனேன். காது கிழியற சத்தம், சுரங்கப்பாதை, ஷூக்குள்ள சளக் சளக்னு தண்ணி. காட்டன் சாக்ஸ் நனைஞ்சா காயவே காயாது, ஒவ்வொரு அடிக்கும் குதிகால் தோலை உரசிக்கிட்டே இருக்கும், ஒரு கிலோமீட்டருக்குள்ள ரெண்டு குதிகாலும் கொப்புளம். கம்பளி கலந்த சாக்ஸ் ஒரு ஜோடி, கொப்புளத்துக்குன்னு விக்கற ஹைட்ரோகொலாய்டு பிளாஸ்டர் ஒரு பாக்கெட், இந்த ரெண்டும் சேர்ந்து கால் கிலோ கூட இருக்காது, பையில இருந்திருந்தா அந்த நாள் வேற மாதிரி முடிஞ்சிருக்கும். வழியில ஒரு பழைய மாளிகையோட பெரிய தோட்டம், அதுக்குள்ள புகுந்து அந்தப் பக்கம் வெளிய வந்தா தூரம் மிச்சம்னு மேப் காட்டுச்சு. உள்ள போய் அந்தக் கோடிக்கு நொண்டிக்கிட்டே போனா அந்த கேட்டைப் பூட்டியாச்சு. மேப்புக்கு கேட் இருக்கறது தெரியும், பூட்டினது தெரியாது. உள்ளயே மாட்டிப்பேனோன்னு நெஞ்சு அடிச்சுக்கிச்சு, வந்த வழியே ஓட்டமும் நடையுமா திரும்பினேன், ஒரு ஆள் சாவிக்கொத்தோட நின்னு கடைசியா வர்றவங்களை வெளிய விட்டுட்டிருந்தார். சாயங்காலம் நாலு மணிக்கு மேல எந்தத் தோட்டத்தையும் குறுக்கு வழியா நம்பாதீங்க, சுத்துன்னாலும் தெருவோடயே போங்க.

அஞ்சு மணிக்கெல்லாம் நல்லா இருட்டிடுச்சு. நேரா ஆத்தோரமா போகணும்னா ட்யூக்ஸ் மெடோஸ் வழியா, விளையாட்டு மைதானமும் மரமும், விளக்கு வெளிச்சம் எட்டாத இடம். பகல்ல அருமையான பாதை அது, பார்ன்ஸ் பிரிட்ஜுக்கு அடியில தண்ணி மேலயே நடக்கற மாதிரி நடைபாலம் கூட போட்டிருக்காங்க. ஆனா தனியா ஒரு பொண்ணு, நொண்டற காலு, போன்ல ஒன்பது பர்சென்ட் சார்ஜ், நான் அந்தப் பக்கம் போகல. நேரா வீட்டுக்குப் போயிருக்கலாமேன்னு கேப்பீங்க, ஈரத்துல உடம்பு நடுங்க ஆரம்பிச்சுது, முதல்ல எங்கயாவது சூடா உக்காரணும், சாப்பிடணும், அது மட்டும்தான் மனசுல ஓடுச்சு. வீட்டுத் தெருக்கள் வழியாவே போனேன், ஜன்னல்ல எல்லாம் மஞ்சள் வெளிச்சம், உள்ள ஆளுங்க சாப்பிட்டுட்டு இருக்காங்க, எனக்கு தொண்டை அடைச்சுது. கூட ஒரு ஆள் இருந்தா இதெல்லாம் சிரிச்சுக்கிட்டே கடந்துடற விஷயம்தான். தனியா போறப்போ ஒவ்வொரு சின்ன கஷ்டமும் ரெட்டிப்பா தெரியும், அதனால திரும்பிப் போற புள்ளியை முன்னாடியே முடிவு பண்ணி வச்சுக்கோங்க, இத்தனை மணிக்குள்ள இந்த பாலத்தைத் தாண்டலைன்னா ட்ரெயின் ஏறிடறதுன்னு. வீட்ல ஒருத்தர்கிட்ட அதைச் சொல்லியும் வச்சுட்டுப் போங்க.

ஸ்ட்ராண்ட் ஆன் த கிரீன் போய்ச் சேர்றப்போ ஆறு மணிக்கு மேல ஆயிடுச்சு. தண்ணி இறங்கி பாதையில சேறும் குட்டையும் மட்டும் இருந்துச்சு. அங்க புல்ஸ் ஹெட், சிட்டி பார்ஜ், பெல் அண்ட் க்ரௌன்னு மூணு பழைய பப் ஆத்தைப் பாத்து இருக்கு, வீடுகள்ல சிலதுக்கு வாசக்கதவே தரையில இருந்து பல அடி உயரத்துல படியேறிப் போற மாதிரி வச்சிருப்பாங்க, ஏன்னு அன்னிக்குத்தான் புரிஞ்சுது. அந்த வட்டாரத்துல ஒரு பப்புக்குள்ள நுழைஞ்சேன், எதுன்னு சொல்ல வேண்டாம். சூடா ஒரு ஞாயித்துக்கிழமை ரோஸ்ட், அதாவது அவனில் சுட்ட கறிச் சாப்பாடு சாப்பிடணும்னு மத்தியானத்துல இருந்து நினைச்சுக்கிட்டே வந்தது. "சாரி லவ், கிச்சன்ஸ் க்ளோஸ்ட்"னுட்டாங்க. ஞாயித்துக்கிழமை ரோஸ்ட் பன்னெண்டு மணிக்கு ஆரம்பிச்சு தீர்ற வரைக்கும்தான், நிறைய பப்ல அன்னிக்கு கிச்சனையும் சீக்கிரமா மூடிடுவாங்க, பார் மட்டும் ராத்திரி வரைக்கும் ஓடும். பப் திறந்திருக்கற நேரம் வேற, கிச்சன் நேரம் வேற, போன் போட்டு கிச்சன் எத்தனை மணி வரைக்கும்னு கேட்டு, முடிஞ்சா டேபிள் சொல்லி வைங்க. அன்னிக்கு எனக்குக் கிடைச்சது ரெண்டு பாக்கெட் க்ரிஸ்ப்ஸ், நம்ம ஊர் சிப்ஸ்தான்.

காசு கொடுக்கப் போனா கார்டு மட்டும்தான், நோட்டு வாங்க மாட்டோம்னாங்க. என்னோட கார்டு போனுக்குள்ள, போன் அந்த நிமிஷம் அணைஞ்சுது. ஈரக் காலோட, பசியோட, பையில இருபது பவுண்டு நோட்டு இருந்தும் ஒரு க்ரிஸ்ப்ஸ் வாங்க முடியாம நின்னப்போ கண்ணுல தண்ணி வந்துடுச்சு. பார்ல இருந்த பொண்ணு என் முகத்தைப் பாத்துட்டு ஒண்ணும் கேக்கல, போனை வாங்கி பாருக்குப் பின்னாடி சார்ஜ்ல போட்டு, ஒரு பெரிய க்ளாஸ்ல தண்ணி வச்சு, ஹீட்டர் பக்கத்துல ஒரு சேரைக் காட்டி, ஷூவைக் கழட்டிக்கோன்னாங்க. அந்தப் பொண்ணுக்கு நான் வாழ்க்கை முழுக்க நன்றி சொல்லணும். நீங்க ஒரு நிஜ கார்டை கண்டிப்பா தனியா வச்சுக்கோங்க. லண்டன் பஸ்கள்ல 2014ல இருந்தே நோட்டு, சில்லறை எதுவும் வாங்கறதில்ல, ட்யூப்ல போன்ல டச் பண்ணி உள்ள போயிட்டு வெளிய வர்றப்போ போன் செத்துட்டா அதிகபட்ச கட்டணத்தை எடுத்துடுவாங்க, நடுவுல இன்ஸ்பெக்டர் வந்து டிக்கெட் காட்ட முடியலைன்னா அபராதம் 100 பவுண்டு, 21 நாளுக்குள்ள கட்டினா 50. பவர் பேங்க் ஒண்ணு இந்தத் தொல்லை எல்லாத்தையும் விட மலிவு.

பப்புக்கு தனியா போகவே கூச்சமா இருக்குங்கறவங்களுக்கு ஒண்ணு ரெண்டு விஷயம். உக்காந்துட்டு யாராவது வந்து கேப்பாங்கன்னு காத்திருக்காதீங்க, பொதுவா நீங்களே பாருக்குப் போய் சொல்லி, காசு கொடுத்து, கையோட எடுத்துட்டு வரணும். குடிச்சுத்தான் ஆகணும்னு யாரும் எதிர்பாக்கறதில்ல, லைம் அண்ட் சோடா, டீ, ஆல்கஹால் இல்லாத பீர்னு எது வேணா கேக்கலாம். மது விக்கற இடத்துல குடிக்கற தண்ணி கேட்டா இலவசமா கொடுக்கணும்ங்கறது இங்கிலாந்துல லைசென்ஸோட நிபந்தனை, தயங்காம கேளுங்க. பைன்ட்னா 568 மில்லி, அது அதிகம்னா ஹாஃப் கேக்கலாம், லண்டன்ல பைன்ட் ஆறு ஏழு பவுண்டு ஆகுது. பதினெட்டு வயசுக்கு மேலதான் கொடுப்பாங்க, ஆனா 25க்குக் கம்மியா தெரிஞ்சாலே ஐடி கேப்பாங்க. பாஸ்போர்ட்டை ஆத்தோரம் தூக்கிட்டு அலையறதை விட, இங்கேயே தங்கியிருக்கறவங்க ப்ரொவிஷனல் லைசென்ஸ், அதாவது வண்டி ஓட்டப் பழகறவங்க லைசென்ஸ் எடுத்து வச்சுக்கறது உத்தமம், வண்டி ஓட்டாட்டியும் அடையாளத்துக்கு ஆகும்.

ஒரு மணி நேரம் கழிச்சு போன் உயிர் வந்ததும் ட்ரெயின் பாத்தா, நான் போக வேண்டிய லைன்ல அன்னிக்கு தண்டவாள வேலை, ஓடல. ஞாயித்துக்கிழமைல இது சகஜம், காலைலேயே திரும்பற வழியையும் சேர்த்து பாக்கணும், போற வழியை மட்டும் பாத்தா பத்தாது. பஸ்ஸா மாறி மாறி போற நிலைமைல என் காலு இல்ல. ஈஸ்ட் ஹாம் வரைக்கும் கேப், 62 பவுண்டு. ஊரோட இந்தக் கோடில இருந்து அந்தக் கோடி. ஷூ பாழாயிடுச்சு, அது 85. மறுநாள் ஒரு குதிகால் சிவந்து வீங்கி சீழ் வச்சுக்கிச்சு. ஜிபி, அதாவது நம்ம வட்டார டாக்டர், பாத்துட்டு ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தாங்க, டாக்டருக்குக் காசு இல்ல, மருந்துச் சீட்டுக்கு 9.90. உடைஞ்ச கொப்புளத்துல ஆத்துத் தண்ணி பட்டுதான்னுதான் ஜிபி முதல்ல கேட்டாங்க. பஸால்ஜெட் கட்டின அந்தப் பழைய சாக்கடையில மழைத்தண்ணியும் கழிவும் ஒண்ணாத்தான் போகும், பெரிய மழைல அது நிரம்பி தேம்ஸுல கொட்டும். அதைத் தடுக்கத்தான் 25 கிலோமீட்டர் நீளத்துக்கு டைட்வே சுரங்கம் வெட்டியிருக்காங்க, அதுக்கப்புறம் நிலைமை எவ்வளவோ தேவலை, ஆனாலும் புண்ணு மேல படற தண்ணி இல்ல அது. நனைஞ்சா முதல் வேலையா ஏதாவது ஒரு டாய்லெட்ல நல்ல தண்ணியும் சோப்பும் போட்டு காலைக் கழுவி, துடைச்சு, மூடிடுங்க. கொப்புளத்தைக் குத்தி உடைக்காதீங்க. சிவப்பு பரவுது, காய்ச்சல் வருதுன்னா காத்திருக்காம மருத்துவ உதவி நம்பர் 111க்கு போன் பண்ணுங்க.

குடிக்கறவங்களுக்கு ஒண்ணு, இதை ரொம்ப அக்கறையோட சொல்றேன். குளிர்ல நனைஞ்சு வந்து ஒரு பைன்ட் போட்டா உடம்பு சூடாற மாதிரி இருக்கும், உண்மைல தோலுக்கு ரத்தம் வந்து உள்ள இருக்கற சூடு வெளிய போகுது. முதல்ல சாப்பாடு, சூடா டீ, காஞ்ச சாக்ஸ், அப்புறம்தான் மத்தது. ஸ்ட்ராண்ட் ஆன் த கிரீன்ல பப் வாசலுக்கும் ஆத்துக்கும் நடுவுல இருக்கறது ஒரு நடைபாதை மட்டும்தான், சேறு வழுக்கும், ராத்திரி அந்தப் பக்கமா வராம பின்னாடி தெருவால ஸ்டேஷனுக்குப் போங்க. யாராவது தண்ணில விழுந்தா பின்னாடியே குதிக்காதீங்க, 999 அடிச்சு கோஸ்ட்கார்டை கேளுங்க, கடலுக்கு மட்டும்தான்னு இல்ல, தேம்ஸுக்கும் அவங்கதான். சிஸ்விக்லயே ஆர்என்எல்ஐங்கற உயிர்காப்புப் படகு அமைப்போட லைஃப்போட் ஸ்டேஷன் 24 மணி நேரமும் ஆளோட இருக்கு. 1989ல மார்ஷியனஸ் படகு மூழ்கி 51 பேர் செத்ததுக்கு அப்புறம் வந்த விசாரணையோட தொடர்ச்சியாத்தான் 2002ல தேம்ஸுல லைஃப்போட் ஸ்டேஷன்கள் வந்துச்சு. நீங்களே விழுந்துட்டா அடிச்சு நீந்தப் பாக்காம முதல்ல தலையைப் பின்னாடி சாச்சு மல்லாந்து மிதங்க, மூச்சு சீராகட்டும், அப்புறம் கத்துங்க.

இப்போ நான் இந்த நடையை திருப்பிப் போட்டு பண்றேன். காலைல கியூ பிரிட்ஜ் ஸ்டேஷன்ல இறங்கி முதல்ல ஆறு, ஸ்ப்ரிங் டைட் நாள்னா கூட காலை ஒன்பது பத்து மணிக்கு தண்ணி நல்லா வத்தி, கரையோரம் சேறும் கூழாங்கல்லும் தெரியும், ஹெரான்ங்கற நாரை நிக்கும். ட்யூக்ஸ் மெடோஸை முழு வெளிச்சத்துல கடந்துடலாம். செயின்ட் நிக்கோலஸ் சர்ச் வளாகத்துல ஓவியர் ஹோகார்த் கல்லறையைப் பாத்துட்டு, பன்னெண்டு பன்னெண்டரைக்கு ஹாமர்ஸ்மித் பப்ல கிச்சன் திறந்திருக்கறப்போவே சாப்பாடு, அதுக்கப்புறம் பஸ், அப்புறம் பார்க்குகள். கடைசியா வர்றது ஹைட் பார்க்கும் கிரீன் பார்க்கும்ங்கறதால கேட்டுக்கு பயந்து ஓட வேண்டியதில்ல, காலு வலிச்சா பத்து நிமிஷத்துக்கு ஒரு ட்யூப் ஸ்டேஷன் இருக்கு, சாயங்காலம் வெஸ்ட்மின்ஸ்டர் பக்கம் எந்த பப்ல வேணா முடிக்கலாம். ஆத்தைப் பாத்துக்கிட்டேதான் முடிக்கணும்னு ஆசைப்பட்டா மே, ஜூன், ஜூலைல வழக்கமான திசைல போங்க, ஏழு மீட்டருக்கு ரொம்பக் கீழ இருக்கற ஒரு நாளா டேபிள்ல பாத்து எடுத்துக்கோங்க, பப்ல உக்கார டேபிளும் முன்னாடியே சொல்லி வச்சுடுங்க.